குடும்பத்தாருக்கு ஒரு நாற்காலி

சிக்னெட், டாஸ்மேனியா
4 மார்ச் 2001

என் அருமை ராஸ்,

லான்செஸ்டனில் உன் கடைசி வழக்கு எப்படிப் போகிறது? எதிர்த்தரப்பு வக்கீலை ரொம்ப அழவைக்காதே. பதினைந்து நாளில் நீ நீதிபதி, அப்புறம் அந்த மூஞ்சியைத்தான் தினமும் பார்க்கணும். நான் சௌக்கியம். பண்ணையில் சிப்பியெல்லாம் நன்றாகக் கொழுத்திருக்கிறது, என்னைப் போலவே.

நேற்று வக்கீல் சங்கத் தலைவர் லிட்கோட் போன் செய்தார். பதவியேற்பில் உன்னைப் புகழ்ந்து பேச வீட்டுச் சங்கதி நாலு வேண்டுமாம். நீங்கள் யார் என்றார். கூடக் குடியிருக்கிறவள் என்றேன், நீ சொல்லிக்கொடுத்தபடி. மேடத்துக்குக் கணவர் உண்டா என்றார். அவளோடு வாதாடி ஜெயிக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை என்றேன். சிரித்துவிட்டு, அப்படியானால் 'சட்டத்தையே மணந்தவர்' என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். பதினெட்டு வருஷமாக உன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள் நான். சட்டம் எப்போது வந்து படுத்தது?

முன்வரிசையில் நீதிபதியின் குடும்பத்தாருக்கு நாற்காலி போடுவார்களாமே. நீ மூத்த வக்கீல் ஆன விருந்தன்று நான் காரில் உட்கார்ந்து மீன் வறுவல் தின்றேன். அப்போது சட்டமே நம் மாதிரி ஆட்களுக்கு எதிரி, சரி. அந்தச் சட்டம் போய் நாலு வருஷமாகப் போகிறது. அந்த நாற்காலி எனக்கு வேணும், ராஸ். விளையாட்டில்லை.

உன் மெர்ல்

லான்செஸ்டன்
7 மார்ச்

அன்பு மெர்ல்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் என் சீனியர் சொன்னார்: "வீட்டை வீட்டோட வச்சுக்கம்மா, கேஸ் தானா வரும்." வைத்தேன், வந்தது. என்னோடு படித்த டெஸ்மண்ட் தன்னோடு வாழ்ந்தவனை மறைக்கவில்லை. ஒரே வருஷத்தில் கட்சிக்காரர் ஒருவரும் மிஞ்சவில்லை, மெல்போர்னுக்குப் போய்விட்டான். முதல் நாளே 'அந்த மாதிரி நீதிபதி' என்று பெயர் வாங்கினால் என் தீர்ப்பை யார் தீர்ப்பாகப் படிப்பார்கள்? இந்த ஒரு முறை, என் எழுத்தர் பக்கத்தில், தோழியாக உட்காரேன்.

ராஸ்

சிக்னெட்
10 மார்ச்

மாண்புமிகு ராஸுக்கு,

தோழி வரவில்லை. அன்றைக்கு எழுபது டஜன் சிப்பி உடைக்கணும். நீ எனக்கு என்ன உறவு என்று சிப்பி கேட்காது. உன் வெள்ளைக் கழுத்துப்பட்டியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து இதோடு வைத்திருக்கிறேன். உள்பக்கமாகப் பின் குத்து, இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும். கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

மெர்ல்

ஹோபார்ட்
19 மார்ச்

மெர்ல் கண்ணே,

லிட்கோட் அந்த 'சட்டத்தையே மணந்தவர்' வரியைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் 'குடும்பத்தார்' என்ற அட்டையோடு உன் நாற்காலி. யாரோ அதில் மழைக்கோட்டைப் போட்டிருந்தார். நான் பதில் பேச எழுந்தேன், எழுதிவைத்த தாளை மடித்துவிட்டேன்.

"தலைவர் பேச்சுல ஒரு தப்பு இருக்கு. நான் சட்டத்தைக் கட்டிக்கல. பதினெட்டு வருஷமா மெர்ல் பைபஸோட குடும்பம் நடத்துறேன். அந்த நாற்காலி அவளோடது."

கோட்டுக்காரர் எழுந்து வந்து கோட்டை எடுத்துக்கொண்டார். அப்புறம் தேநீரின்போது லிட்கோட் என் பக்கம் வரவில்லை. இன்னும் சிலரும் வரமாட்டார்கள். கை இன்னமும் நடுங்குகிறது. சுருக்கெழுத்தாளர் பதிந்த பக்கம் இத்துடன். நீ இல்லாதபோது சொன்னதற்கு மன்னித்துவிடு.

உன் ராஸ்

சிக்னெட்
22 மார்ச்

என் ராஸ்,

அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாக நாலு தடவை படித்தேன். என் பேரைச் சரியாகத்தான் அடித்திருக்கிறார்கள். சிப்பிக் கொட்டகையில் எல்லோரிடமும் காட்டினேன், ஈரக்கையோடு தொட்டால் உதைப்பேன் என்று சொல்லிவிட்டு.

நான் வந்திருக்கணும். வீம்பு பிடித்து சிப்பி உடைத்தேன், விரலையும் கிழித்துக்கொண்டேன். உனக்கு அவ்வளவு பயம் இருந்தும் தனியாக நின்று சொல்லியிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை சீக்கிரம் வா. ஊரே கேட்டதை நான் மட்டும் கேட்கவில்லை. அடுப்படியில் நின்று என் மூஞ்சியைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லு. நடுங்கினால் பிடித்துக்கொள்கிறேன்.

மெர்ல்