மூவருக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை

அனுப்புநர்
ஜெ. கோகிலாம்பாள்,
க/பெ ஜெயக்குமார், மளிகைக் கடை,
பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை வட்டம்.

பெறுநர்
பொறுப்பு மருத்துவர் அவர்கள்,
கீமோ பிரிவு, அரசு மருத்துவமனை.

பொருள்: மார்பகப் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் எங்கள் மூவருக்கும் தனித்தனி நாள் ஒதுக்கியதை மாற்றி, முன்போல் ஒரே செவ்வாய்க்கிழமை தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

1. நோயாளிகள் காலையிலிருந்து காத்துக்கிடக்கிறார்களே என்று இரக்கப்பட்டு, இரண்டு மாதமாக ஆளுக்கொரு நாள் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது போனவுடன் படுக்கை கிடைக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம். தங்கள் நல்ல மனதுக்கு நன்றி. என் புகாரும் அதைப் பற்றியதுதான்.

2. நானும், திருச்சுழிப் பக்கத்து வெள்ளைத்தாய் அக்காவும், பாலவனத்தம் யுவராணியும் தங்கள் பிரிவு வாசல் பெஞ்சில்தான் பழக்கமானோம். அக்கா பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். யுவராணி சின்னப் பெண். ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு ஒரு மகள். மூவருக்கும் ஒரு பக்கம் எடுத்தாகிவிட்டது. அந்தப் பக்கத்துக்குப் பஞ்சு மட்டும் வைத்துத் தைத்தால் ரவிக்கைக்குள் மேலே ஏறிக்கொள்கிறது. இதைத் தங்களிடம் கேட்க முடியுமா? ஒரு பிடி கேழ்வரகும் சேர்த்துத் தைத்தால் இருந்த இடத்தில் இருக்கும் என்று சொல்லித்தந்தது அக்காதான். இன்று மூவரும் அப்படித்தான் நடமாடுகிறோம்.

3. வீட்டில் எங்களுக்குக் குறையில்லை. என் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு உடன் வருகிறார். ஊசி ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன செய்யுது, என்ன செய்யுது" என்று கேட்டபடியே இருக்கிறார். "ஒண்ணும் செய்யல" என்று சொல்லியே நான் களைத்துப்போகிறேன். தங்கமான மனிதர். ஆனால் அவர் முகம் வாடிவிடுமே என்று அவர் முன்னால் வாந்தி எடுக்கக்கூட எனக்கு மனம் வருவதில்லை.

பெஞ்சில் அப்படியில்லை. ஒருமுறை யுவராணி தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அழுது முடிச்சிட்டுச் சாப்பிடு தாயி, இட்லி ஆறுது" என்றார். அவளும் அழுது முடித்துவிட்டுச் சாப்பிட்டாள்.

4. நாள் பிரித்த பிறகு யுவராணி ஒருமுறை வந்து ஊசி போட்டுக்கொண்டாள். அடுத்த தேதிக்கு வரவில்லை. அவள் கணவர் பாண்டீஸ்வரன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவளிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் வீட்டுக்கே போய், உன் தேதியில் துணைக்கு வருகிறேன் என்றேன். "துணைக்கு வீட்டுல ஆளு இருக்காக அக்கா. கூட ஊசி போட்டுக்கத்தான் ஆளு இல்ல" என்றாள். எனக்குக் கோபம் வந்து, பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று திட்டிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான், எனக்கும் அதே குறைதான் என்று புரிந்தது.

5. அவளுக்குப் பாதி ஊசி பாக்கி. இடையில் நிறுத்துவது ஆபத்து என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். எங்களுக்கு அவள் வேண்டும் ஐயா.

6. எனக்கு வரும் சனி, அக்காவுக்குத் திங்கள் என்று தேதி. இரண்டு மூன்று நாள் தள்ளிப்போவதால் கெடுதல் இல்லையென்று தாங்கள் கருதினால், இருவரும் செவ்வாய்க்கிழமையே வருகிறோம். கடைசி டோக்கன் கொடுங்கள். சாயங்காலம்வரை பெஞ்சில் உட்காரவையுங்கள். முகம் சுளிக்க மாட்டோம்.

7. யுவராணி இன்னும் சம்மதிக்கவில்லை. இன்று மாலை இந்த மனுவோடு அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அந்த இடம் நிரம்பியிருந்தால், எங்கள் மூவரையும் தயவுசெய்து காக்கவைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: பாளையம்பட்டி
நாள்: 14.08.2025

காத்திருக்கச் சம்மதமுள்ள,

ஜெ. கோகிலாம்பாள்

வெள்ளைத்தாய்

பா. யுவராணி
(டாக்டர் சார், செவ்வாக்கிழம வாரேன். கோகிலா அக்கா, இந்தத் தடவ இட்லி நான் கொண்டாரேன்.)