வெள்ளெலிக் குட்டியின் கையெழுத்து

இன்று கல்லூரி எலி அறையில், ஜன்னலோரக் கூண்டின் கடைக்குட்டிப் பையன் மரக்கட்டை மேல் ஏறி, வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே முன்னால் நகர்ந்தான். முதல் தடவை. கட்டையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு, லேசான எள்ளுருண்டை வாசனை. கை தானாகவே போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போய்விட்டது. "பையன் கையெழுத்து போட்டுட்டாண்டி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சேதியைக் கேட்டுச் சந்தோஷப்பட இந்த ஊரில் இப்போது ஆளில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த கூண்டுக்குத் தண்ணீர் மாற்றினேன்.

நாம் ஒரே வருஷத்தில் இந்தக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தோம். நீ ஸ்ரீரங்கம், நான் மன்னார்புரம். வையம்பட்டிப் பக்கம் கடலைக்காட்டில் பிடித்துவந்த வெள்ளெலிகளை நம் இருவர் தலையிலும் கட்டினார்கள். பெயர்தான் வெள்ளெலி, முதுகெல்லாம் மண் நிறம், வயிறு மட்டும் வெள்ளை, வால் நுனியில் ஒரு கொத்து முடி. அது எந்த வயதில், இது என் இடம் என்று தன் வயிற்று வாசனையைத் தடவ ஆரம்பிக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. என்ன ஆராய்ச்சி என்று கேட்ட உன் பக்கத்து வீட்டு மாமியிடம், "எலியோட வயத்தைத் தடவிப் பாக்கறோம் மாமி" என்று நீ சொன்னதும் அந்த அம்மாள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பிறக்கும்போது வெறும் சிவப்புத் தோல், மூடிய கண். வயிற்றில் ஒன்றுமே இருக்காது. தாய் தன் வயிற்றுப் பிசுக்கைக் குட்டிகள் மேல் தேய்த்து, இது என்னுடையது என்று வைத்துக்கொள்ளும். முடி முளைத்த பிறகு, வயிற்றின் நடுவே வகிடு எடுத்ததுபோல் ஒரு வெளுத்த கோடு தெரியும், அதுதான் வாசனைச் சுரப்பி. ஆண்குட்டிக்கு வயது வர வர அது தடித்து மேடாகி, மஞ்சள் எண்ணெய் கசியும். பெண்குட்டிக்கு எல்லாம் தாமதம், எல்லாம் கொஞ்சம். பால் கொடுக்கும் காலத்தில்தான் நன்றாகத் தடிக்கும். அதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுகள்லயும் நமக்குப் பிள்ளை பெத்தாத்தான் கையெழுத்துப் போடற அதிகாரமா?" என்று நீ எரிந்து விழுந்தாய். அன்றிலிருந்து அந்தத் தடவலுக்கு நம் அகராதியில் கையெழுத்து என்றே பெயர்.

உன் கற்பூரக் கூத்தை மறக்க முடியுமா? ஒரு சனிக்கிழமை, கோடுகூடத் தெரியாத பொடிக்குட்டிகள் கட்டையைக் கண்டதும் வயிற்றைத் தேய்க்க ஆரம்பித்தன. நமக்குத் தலைகால் புரியவில்லை. துறைத்தலைவர் அறைக்கே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டோம். திங்கட்கிழமை ஒன்றும் தேய்க்கவில்லை. செவ்வாயும் இல்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தேய்த்தன. கட்டையை முகர்ந்து பார்த்தேன், பச்சைக் கற்பூரம். சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டு, அதே கையோடு பஸ் ஏறி வந்து கட்டைகளை வைத்தவள் நீ. புது வாசனை மிரட்டியதில் பாவம், அதுகள் அதை மறைக்கப் பார்த்திருக்கின்றன. "பெருமாள் தீர்த்தத்தை எலிக்கும் சாதிச்சுட்டேனேடி!" என்று நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். அப்புறம் கட்டையைத் திருப்பிப் பார்த்தாய். எண்ணெய் ஊறாத வயிறு, எதுவும் ஒட்டவில்லை. "மை இல்லாத பேனாவை வெச்சுண்டு எப்படித் தேய்க்கறது பார்" என்றாய்.

நீ போன அன்று நான் செய்ததும் அந்த மையில்லாத தேய்ப்புதான். புத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று வண்டிக்காரருக்கு ஸ்ரீரங்கத்துக்கு வழி சொன்னேன். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். மாலையை வாங்கி உன் மேல் வைத்தேன். யாரோ கட்டிக்கொண்டு அழுதபோது நானும் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. சாப்பிடுகிறேன், வகுப்பு எடுக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன். இத்தனை வருஷம் பழகியவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்று என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரர் அடிக்கடி போன் செய்தார். "அவ புஸ்தகமெல்லாம் இருக்கு. சௌகரியப்பட்டப்போ வந்து பாருங்கோ." வருகிறேன் சார், வருகிறேன் சார் என்றே தள்ளிப்போட்டேன். வேலை ஒன்றும் முழுகிப்போகவில்லை. எனக்குப் பயம். உன் அலமாரிக்கு முன்னால் நின்றும் எனக்கு ஒன்றும் தோன்றாவிட்டால்? அதை அவர் பார்த்துவிட்டால்? நம் சிநேகிதமே அவ்வளவுதான் என்று ஆகிவிடாதா?

இன்று அந்தக் கட்டையைக் கழுவி வைத்த பிறகு என்ன நினைத்தேனோ, வீட்டுக்குப் போகாமல் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். காவிரிப் பாலத்தில் ஏகப்பட்ட நெரிசல். பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எலி அறை என் மூக்குக்கு எப்போதோ பழகிவிட்டது.

அவர்தான் கதவைத் திறந்தார். கதவைப் பிடித்தபடி என்னைத் தாண்டி வாசற்படியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். முகம் அப்படியே விழுந்துபோயிற்று.

"ஒரு நிமிஷம் அவதான் வந்துட்டாளோன்னு நெனச்சுட்டேன்" என்றார். "அந்த எலி வாசனை. தெனம் சாயங்காலம் இப்படித்தான் வருவா. உள்ளே வராதே, கொல்லைப்பக்கமாப் போய்க் குளிச்சுட்டு வான்னு நான் கத்துவேன்."

அந்த வீட்டுச் சட்டம் எனக்கும் தெரியாததா? எத்தனை தடவை உன்னோடு சேர்த்து என்னையும் கொல்லைக் குழாய்க்குத் துரத்தியிருக்கிறார். பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் திரும்பினேன்.

"வேண்டாம். அலம்பிக்க வேண்டாம்" என்றார். "அப்படியே உள்ளே வாங்கோ. கொஞ்ச நேரம் உக்காருங்கோ."

கூடத்தில் உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதார். புத்தகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் நான் எழுந்திருக்கவும் இல்லை. எனக்குத் தெரியாமலே உன்னை என் புடவையிலும் கையிலும் தூக்கிக்கொண்டு திரிகிறேனாம். அவர் மூக்கு சொல்கிறது, நான் நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறேன். கூண்டுகளையெல்லாம் சுத்தம் செய்துவிட்டு, கைக்குச் சோப்புப் போடாமல்.