உன் மொச்சைக் குழம்பில் நான் ஊற்றியது

மாதா திருவிழாவுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரண்மேல் கிடந்ததை எல்லாம் இறக்கியபோது உன் அலுமினியச் சட்டி வந்தது. கைப்பிடிக்குக் கீழே நீ வைத்த சிவப்புப் பெயின்ட் பொட்டு இன்னும் அழியவில்லை. கறிச்சட்டியோடு கலந்துவிடக் கூடாதென்று வைத்த அடையாளம். மூடியைத் திறந்தேன், பெருங்காயம் மணத்தது. ஒருவேளை எனக்கு மட்டும் மணத்திருக்கலாம். "இத பழைய சாமானுக்குப் போட்டுடலாமா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நான். என் கறிக்குழம்புக்கு வில்லியனூரைச் சுற்றி உள்ள சொந்தமெல்லாம் பேர் சொல்லும். கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பதும் நான்தான். அப்புறம் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு காட்டேரிக்குப்பத்திலிருந்து நீ வந்தாய். கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கியிருந்தாய். ஆனால் கறி தொடவில்லை. உன் பிறந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கறி சமைத்ததில்லையாம்.

"அவுங்க வூட்டு சாமி இன்னும் இவள வுட்டுப் போவல" என்று மாமியார் என் காதில் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதை இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. நம் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒரு பெரியவர் உன்னை மடக்கினார். "ஆண்டவரே மீன் துண்ணாரும்மா. உனுக்கு மட்டும் இன்னா?"

நீ முந்தானையைத் திருகிக்கொண்டே பேசினாய். உலகத்தைப் படைத்த அன்று கடவுள் மனுஷனுக்குச் சாப்பிடக் கொடுத்தது தானியமும் பழமும்தான், கறிக்கு அனுமதி வந்தது வெள்ளம் வடிந்த பிறகு நோவா காலத்தில் என்றாய். அரசன் கொடுத்த சாப்பாட்டை வேண்டாமென்று தானியேலும் கூட்டாளிகளும் பத்து நாள் காய்கறியும் தண்ணீருமாக இருந்து மற்றவர்களைவிடத் தெளிச்சியாக நின்றதைச் சொன்னாய். கடைசியில், "சாப்புடறவங்க சாப்புடாதவங்கள மட்டமா நெனைக்கக் கூடாது, சாப்புடாதவங்களும் சாப்புடறவங்கள குத்தம் சொல்லக் கூடாதுன்னு பவுல் எழுதியிருக்காரு தாத்தா. எனக்கு எறங்கல, அவ்ளோதான்" என்றாய்.

ஞானஸ்நானம் வாங்கி இரண்டு வருஷம் ஆகாதவள் நீ. பால்குடி வயதிலிருந்து கோயிலுக்குப் போகும் எனக்கு இதில் பாதி தெரியாது.

பங்குச் சாமியார் காதுக்கு விஷயம் போயிற்று. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் உன்னைக் கோயிலிலேயே பேசச் சொன்னார். ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு கறி தொடாதவர் என்று பழைய சபை எழுத்தர் ஒருவர் எழுதி வைத்திருப்பதையும், பாலைவனத்துத் துறவிகள் ரொட்டியும் உப்பும் கீரையுமாக வாழ்ந்ததையும் சொன்னாய். "அதுக்காக கறியே தீட்டுன்னு சொன்னவங்களையும் சபை கண்டிச்சுது" என்று நேர்மையாக அதையும் சேர்த்துக்கொண்டாய். மறு வாரம் வாசகம் வாசிக்க உன்னைக் கூப்பிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நீ எங்கேயாவது தடுக்குவாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.

அந்த நாற்பது நாளும் வீட்டில் உன் சட்டிதான் ஏறியது. மொச்சைக் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு மாமியார் சொன்னார், "கறியே வேணாம்போல இருக்குதுடி." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

ஈஸ்டர் மதியம் சாமியார் நம் வீட்டில் சாப்பிட வந்தார். நீ இலை கழுவப் போயிருந்தாய். ஆட்டுக்கறிக் குழம்பிலிருந்து இரண்டு கரண்டி சாறெடுத்து உன் மொச்சைக் குழம்பில் ஊற்றிக் கலக்கினேன். நீ நன்றாகச் சாப்பிட்டு முடித்ததும் எல்லார் எதிரிலும், "இன்னாடி, கறி எறங்கிடுச்சா?" என்று கேட்க வேண்டும். அதைக் காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

மற்றவர்கள் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டார்கள். நீ உன் சட்டியிலிருந்து ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்தாய். கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், என்னை மட்டும். பிறகு குனிந்து, இலையில் இருந்த அத்தனையும் சாப்பிட்டு முடித்தாய். நான் கேட்க வைத்திருந்ததைக் கேட்காமல் சாமியார் இலைக்கு இன்னும் கறி வைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கைப்பம்பு பக்கத்தில் நீ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டு வந்தேன்.

"தெரிஞ்சே ஏன்டி துண்ண?"

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னாய். "சாமியார் எதிர்ல சொன்னா உங்க பேரு இன்னாக்கா ஆவும்?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது. தப்பு செய்தவள் நான், அப்போதும் ஜெயித்தவள் நீ. உன்னை ஒருமுறையாவது சின்னவளாகப் பார்க்க ஆசைப்பட்டேன், அதற்குக்கூட நீ இடம் தரவில்லை. அன்றைக்கு நடந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. உன் புருஷனுக்குக்கூடத் தெரியாது. நீ சண்டை போட்டிருந்தால் நான் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வருஷங்கள் கழித்து நீ ஆசுபத்திரியில் படுத்தாய். உடம்பில் ரத்தமே இல்லை, எலும்பு சூப் கொடுங்கள் என்றார் டாக்டர். நீ தலையாட்டி மறுத்தாய். மறுநாள் நான் முருங்கைக்கீரையில் சூப் வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மூலக்குளம் நெரிசலில் பஸ் நின்று நின்று போனது. வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். நான் கொடுப்பதை இவள் எப்படிக் குடிப்பாள்? முகர்ந்து பார்ப்பாள், என்ன போட்டீர்கள் என்று கேட்பாள். கேட்டால் சத்தியம் செய்யலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

டம்ளரில் ஊற்றி நீட்டினேன். நீ முகரவில்லை, உள்ளே பார்க்கவுமில்லை. இரண்டு கையாலும் வாங்கி மடமடவென்று குடித்தாய்.

"உப்பு கொஞ்சம் கம்மிக்கா" என்றாய்.

அவ்வளவுதான். நான் இன்னும் கறி சாப்பிடுகிறேன், அதை விட முடியவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அந்த ஈஸ்டரைச் சொல்லிவிட்டேன், பொறாமையை மட்டும் சொல்லவில்லை. அது தீரவில்லையே, தீராததை எப்படிச் சொல்வது? நீ வாசித்ததும் பேசியதும் இப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நான் கொடுத்ததை நீ வாங்கிக் குடித்தாயே, அதுதான் தெரிகிறது. என்னைப்போல ஒருத்தி கையிலிருந்து அப்படி வாங்கிக் குடிக்க என்னால் முடியாது. இன்றைக்கும் உன்மேல் எனக்கு வயிறு எரிகிறது, தங்கச்சி.