பிணத்துக்கு ஒத்திகை

ஜூலை 8, செவ்வாய்

விலங்கியல் இரண்டாம் ஆண்டு. இன்று மண்புழுவின் நரம்பு மண்டலம். என்னுடையதைவிட ஒழுங்காக இருக்கிறது.

மதியம் நாடகத் துறைக் கதவில் ஓர் அறிவிப்பு: புது நாடகத்துக்கு ஆள் தேவை, 'பிற துறை மாணவர்களும் வரலாம்.' அந்த 'உம்'மில்தான் எத்தனை பெருந்தன்மை! விருந்தாளியோடு வந்த நாயும் உள்ளே வரலாம் என்பது போல. வியாழக்கிழமை போகப் போகிறேன். நாயாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூலை 10, வியாழன்

இயக்குநர் நாடகத் துறை ஆசிரியர். எது சொன்னாலும் பதிலுக்கு ஒரு மூச்சு விடுவார். அதனால் கல்லூரி முழுக்க அவர் பெயர் பெருமூச்சு. கொடுத்த வசனத்தைப் பேசினேன். மூச்சு விட்டார். மறுபடி பேசச் சொன்னார். இன்னும் நீளமாக விட்டார். பிறகு கேட்டார்: "அசையாம எவ்வளவு நேரம் படுத்திருப்பே?"

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்றேன். வேஷம் கிடைத்துவிட்டது.

கதை இது: அம்மா செத்துப் போகிறாள். இரண்டு மகன்களும் ஒரு மகளும் அவளுடைய கட்டிலைச் சுற்றி நின்று, வீடு யாருக்கு என்று சண்டை போடுகிறார்கள். இருபத்திரண்டு நிமிடம். செத்த அம்மா நான். நாடகத் துறையில் யாரும் இந்த வேஷத்தைத் தொடவில்லை. வசனம் பேசினால்தான் அவர்களுக்கு மதிப்பெண்ணாம்.

வீட்டில் சாயங்காலம் கூடுதல் ஆய்வக வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு மேடை என்றாலே ஆகாது. வேலையற்றவர்கள் வேலையற்றவர்களுக்குக் காட்டுவது என்பார்.

ஜூலை 23, புதன்

"பிணம் மூச்சு விடுது" என்று ஒத்திகையை நிறுத்திவிட்டார் பெருமூச்சு. மூச்சைப் பற்றிப் பேச இவருக்கு என்ன யோக்கியதை?

நூலகத்துக்குப் போய் உதரவிதானம் பற்றி ஒரு மணி நேரம் படித்தேன். தேர்வுக்குக்கூட இவ்வளவு படித்ததில்லை. வயிற்றை விட்டுவிட்டு, முதுகுப் பக்கம் விலா விரிய மெல்ல இழுத்தால் வெளியே தெரியாது போலிருக்கிறது. வயிற்றின் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பழகுகிறேன். இன்று நான்கு முறை விழுந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புத்தகம் விழவில்லை! பெருமூச்சு என்னைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். விருது வாங்கியது போல இருந்தது.

சிக்கல் என்னிடம் இல்லை, மகாராணியிடம். நாடகத் துறை கடைசி ஆண்டு. நடையைப் பார்த்து வைத்த பெயர். மகளாக நடிக்கிறாள். கடைசியில் என் மேல் விழுந்து கதறி அழ வேண்டும். அழுகை வரவில்லை. விக்கல் மாதிரி ஏதோ வருகிறது. வராத கோபத்தை என் மேல் விழுவதில் காட்டுகிறாள். அவளுக்கு என் பெயர் தெரியாது. "பிணம், கொஞ்சம் தள்ளிப் படு" என்கிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

விலா வலிக்கிறது. கலைக்காக.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். துவைக்கத் துணி எடுக்க வந்த அம்மா என் பையில் நாடகப் பிரதியைப் பார்த்துவிட்டாள். முதல் பக்கத்தில் 'பிணம்' என்று அச்சடித்திருக்கிறது; பக்கத்தில் சிவப்பு மையில் என் பெயர், சுற்றி வட்டம்.

"என்னடி இது? பிணம்னு போட்டு உன் பேர எழுதியிருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பக்கத்து அறையில் இருந்தார். பல் மருத்துவருக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் வேலை; மிச்ச வேலையை வீட்டுக்கு எடுத்து வருவார். அரம் ஓடும் சத்தம் நின்றது. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. அரம் மறுபடி ஓடியது. கத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அப்பா இன்னும் பேசவில்லை. சாப்பிடும்போது தட்டோடு மட்டும் உறவு வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

செய்முறைத் தேர்வு 12ஆம் தேதி, பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. நாடகம் அதே நாள் மூன்று மணிக்கு. பேஷ்.

காலைப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி விலங்கியல் மேடத்திடம் கெஞ்சினேன். அவருக்குக் கத்தரி என்று பெயர். காரணம் கையில் இருக்கும் கருவி மட்டும் அல்ல, நாக்கும்தான். "நீ அங்க போய் செத்துக் கிடக்கறதுக்கு நான் எதுக்கும்மா டைம்டேபிள மாத்தணும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

பெருமூச்சிடம் ஓடினேன். தாமதமானால் கவலையில்லை, தலையணையைப் போர்த்திப் படுக்க வைத்துவிடலாம் என்றார். இரண்டு மாதம் மூச்சடக்கியதற்கு இதுதான் மரியாதை. ஒரு தலையணையோடு போட்டி. இரண்டு ஐம்பதுக்குக் கட்டிலில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் இவ்வளவு வேண்டும் எனக்கு இது? ஒரு வார்த்தை பேசாத வேஷம்—

தெரியவில்லை. வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

முதலில் தேர்வு. பல்லியைக் குடுவையிலிருந்து எடுக்கும்போது கை தட்டி, அது ஊறிக் கிடந்த ஃபார்மலின் முழுக்க என் சட்டையில். கத்தரி பார்த்த பார்வையில் நானும் குடுவைக்குள் போயிருக்க வேண்டும். எழுதி முடித்துக் கொடுத்து, கொட்டியதைத் துடைத்துவிட்டு ஓடினேன். மணி இரண்டு ஐம்பத்தைந்து. கழுவ நேரமில்லை, உடை மாற்ற நேரமில்லை. தலையணையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படுத்தேன். வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். திரை.

கண்ணை எரிக்கும் அந்த நெடிக்கு என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிய மகன் பக்கத்தில் வந்தான், இருமினான். சின்ன மகன் கல்நெஞ்சக்காரன். அவன் குரலும் கரகரத்தது. பிறகு மகாராணி என் மார்பில் விழுந்தாள், மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்— அவ்வளவுதான். கண்ணீர் என் கழுத்து வரை ஓடியது. அரங்கமே மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அந்த நேரத்தில் பின்வரிசையில் ஒரு நாற்காலி டப்பென்று மடங்கியது. காலடிச் சத்தம். கதவு. எவனோ போரடித்து எழுந்து போகிறான் என்று படுத்தபடியே திட்டினேன்.

முடிந்ததும் பெருமூச்சு மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே விட மறந்துவிட்டார்.

செப்டம்பர் 13, சனி

எழுந்து போனது அப்பா.

அம்மா காலையில் சொன்னாள். தாமாகவே கிளம்பி வந்தாராம். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாராம், கைதட்டல் கேட்கும் வரைக்கும். நான் திட்டிய திட்டு எல்லாம் நினைவுக்கு வந்தது.

மேஜையில் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அது நடிப்புதானப்பா."

"தெரியும். தெரிஞ்சுதான் உட்கார்ந்திருந்தேன்." அரத்தைக் கீழே வைத்தார். "நீ மூச்சே விடல. அந்தப் பொண்ணு வேற அப்படி அழுதா. என்னால முடியல."

பல்லிக் கதையைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். பொய் சொல்லிவிட்டுப் போனது தப்பு என்றார். தப்புதான் என்றேன்.

"அடுத்த தடவை உயிரோட இருக்கற வேஷமா கேளு."

செப்டம்பர் 24, புதன்

செய்முறையில் தேறிவிட்டேன். பல்லிக் குடுவையைக் கொட்டியதற்கு மூன்று மதிப்பெண் போச்சு.

மகாராணி ஆய்வக வாசலுக்கே வந்தாள். அந்தத் தண்ணீர் ஒரு சின்னப் பாட்டிலில் கிடைக்குமா என்று கேட்டாள். உடம்புக்கு ஆகாது, தர மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் குடுவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது என் பெயரைச் சொல்லி, வருகிறேன் என்றாள்.

அக்டோபர் 6, திங்கள்

அடுத்த நாடகத்தின் பட்டியல் வந்துவிட்டது. நான் தபால்காரி. நான்கு வசனம்! நாடகத் துறைக்கே மாறிவிடுகிறாயா என்று பெருமூச்சு கேட்டார். வேண்டாம் சார், எனக்குப் பல்லியும் பிடிக்கும் என்றேன். பதிலுக்கு மூச்சுதான்.

சாயங்காலம் அப்பா பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டார். நான் என் வசனத்தை மட்டும் சொன்னால் போதுமாம், மற்றவர்களுடையதை எல்லாம் அவர் வாசிப்பாராம். ராஜாவானாலும் வேலைக்காரனானாலும் ஒரே குரல், மருந்துச் சீட்டு படிப்பது போல. நாயகியின் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தித் தொண்டையைச் செருமினார்.

"இங்க அழணும்னு போட்டிருக்கு. அத நான் விட்டுடறேன்."