வானாற்றுப் படகில் விட்டுப்போன வாரம்

குமாரபாளையம்,
20.6.1985

அன்புத் தம்பி சின்னுசாமிக்கு அக்கா சௌந்திரம் ஆசி கூறி எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. கடிதத்தைப் பிரித்ததும் கடைசி வரிக்கு ஓடுகிற ஆள் நீ என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குக் கண் தெரிகிறது. கட்டுப் பிரித்தாகிவிட்டது. டாக்டர் ஒரு கனத்த கண்ணாடியை முகத்தில் வைத்து, விரலைக் காட்டி, எத்தனை என்று கேட்டார். சரியாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம் புள்ள, உந்தல இத்தன நரச்சுப் போச்சு, ஒருத்தருமே எங்கிட்டச் சொல்லலியே?" என்றார். ஆபரேஷன் ஆன மனிதரை என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். வராந்தாவுக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆசைதீர அழுதேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது, சாமி.

இந்தக் கடிதத்தோடு லாரிக்கார வெங்கடாசலம் உன்னிடம் ஒரு கேசட்டும் தருவான். உங்கள் போர்வெல் ரிக் கம்பெனி லாரி நாளைக்குத் திருச்செங்கோட்டிலிருந்து ராய்ப்பூருக்குக் கிளம்புகிறதாம். அவசரப்பட்டுக் கேசட்டைப் போட்டுவிடாதே. கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுப் போடு. அக்கா சொன்ன பேச்சை இதிலாவது கேள்.

பொங்கலுக்கு நான் எழுதியபோது மாமாவின் நிலைமையை முழுசாக எழுதவில்லை. முதல் கண்ணுக்குச் செய்த ஆபரேஷன் கூடிவரவில்லை என்று மட்டும்தான் எழுதினேன். மற்றக் கண்ணிலும் புரை முற்றிவிட்டது, ஆடி பிறப்பதற்குள் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். இருக்கிற மங்கலாவது இருக்கட்டும், அதையும் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுக்க முடியாது என்று ஒரே பிடிவாதம். தறியில் இழை அறுந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. தறிகளைப் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள்தான் பார்த்துக்கொண்டாள். இவர் பட்டறைக் கதவோரம் ஸ்டூலைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பேப்பரைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டால், "நானென்ன குருடனா?" என்று சீறுவார். அதற்குப் பிறகு நானும் கேட்பதில்லை. எனக்கும் கோபம் வரும் அல்லவா?

அப்போதுதான் வெங்கடாசலம் வந்து உன் பழைய சட்டையில் சுற்றிய பொட்டலத்தைக் கொடுத்தான். உள்ளே கேசட்டுகள். ஒரு வரி கடிதம் இல்லை. எனக்காவது நாலு எழுத்து எழுதியிருக்கலாம், அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். காளியாத்தாள் வீட்டு டேப்ரிக்கார்டரை வாங்கி வந்து போட்டேன். முதலில் ஏதோ இரைச்சல். அப்புறம் உன் தொண்டைச் செருமல். அப்புறம், "வானாற்றுப் படகு. முதல் அத்தியாயம்" என்றது உன் குரல்.

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

அந்தத் தொடர்கதை அவருக்கு எப்படி என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, பவானியில் கொடுத்து மூன்று பைண்டாகக் கட்டி வைத்திருந்தாரே, அதைத் தொட்டால் பெண்டாட்டி என்றுகூடப் பார்க்கமாட்டார். நட்சத்திரங்களுக்கு நடுவே ஆறு ஓடுகிறதாம், அதில் பரிதி என்று ஓர் ஓடக்காரன் படகு விடுகிறானாம், கூடக் கொற்றன் என்று ஒரு தோழனாம். இதற்குப் போய் இந்தப் பாடா என்று நான் சிரிப்பேன். அப்பா அம்மா போனபின் நீ எங்களோடு வந்து சேர்ந்தபோது உனக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பைண்டுகளை வைத்துத்தான். நீ தறியை விட்டு ரிக்குக்குப் போகிறேன் என்று கிளம்பிய அன்று, அந்த மூன்றையும் பெட்டியில் எடுத்து வைத்ததை மாமா பார்த்தார். போறவன் திரும்பி இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று அத்தனை சத்தம் போட்டவர், அதை மட்டும் தடுக்கவில்லை. அப்போதே எனக்கு ஆச்சரியம்தான்.

கேசட் கேட்பதற்கு நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலே கேட்காது. ஊரே தறி. கரண்ட் போனால்தான் குமாரபாளையம் வாயை மூடும். அதனால் பேட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு கரண்ட் எப்போது போகும் என்று காத்திருப்போம். ஊரில் எல்லாரும் மின்சார வாரியத்தைத் திட்டுகிற நேரத்தில் இவர் மட்டும் சந்தோஷமாக, "புள்ள, போயிருச்சு, ஓடியா!" என்று கூப்பிடுவார்.

ஆனால் அந்தச் சந்தோஷம் முதல் நாளே வந்துவிடவில்லை. முதல் கேசட் முழுக்க முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் கேட்டார். செங்கோள் என்கிற சிவப்புக் கிரகத்தின் அரசன் வருகிற இடம் வந்தது. பரிதியைச் சங்கிலியில் கட்டி இழுத்துவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அரசன் சிம்மாசனத்திலிருந்து இடிபோல முழங்குகிறான். நீ படிக்கிறாய்: "ஏனுங்க, நீங்க யாருங்க? எங்க எல்லைக்குள்ள எதுக்குங்க வந்தீங்க?"

புத்தகத்தில் "அடேய், யாரடா நீ" என்றுதான் இருக்கும் என்று எனக்கே தெரியும். மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "உங்க தலையைச் சீவிடுவேனுங்க" என்று அரசன் மிரட்டியதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் சிரித்தேன். உனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அவனுக்குப் படிக்கத் தெரியாம இல்ல. நாங் கேக்கறேன்னு தெரியும். எங்காதுல உழுகற மாதிரி 'அடேய்'னு சொல்ல அவனுக்கு வாய் வரல." அதைச் சொல்லிவிட்டு டேப்பை நிறுத்தச் சொன்னார். அன்று மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆள் மாறிவிட்டார். நீ ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் டேப்ரிக்கார்டரைப் பார்த்து அதட்டுவார். பைண்டு போட்டவன் ஓர் இடத்தில் தாள்களை மாற்றிக் கட்டியிருக்கிறான் போலிருக்கிறது, நீ பாட்டுக்கு அப்படியே படித்துக்கொண்டு போனாய். இவர் இங்கே உட்கார்ந்துகொண்டு, "டேய் சின்னு, பொயல் இன்னும் வரலடா, அதுக்குள்ள எப்படிடா கரையேறுவான்?" என்று கூப்பாடு போட்டார். மனசுக்குள் அத்தனையும் அப்படியே வைத்திருக்கிறார். இருந்தாலும் புதுசாகக் கேட்கிறதுபோல இருக்கிறது என்றார். கண்ணால் படிக்கும்போது அடுத்து என்ன என்று தாவித் தாவி ஓடிவிட்டாராம். நீ நிறுத்தி நிறுத்திப் படிப்பதால், பரிதி எத்தனை இடத்தில் பயந்திருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிகிறதாம். "வீரன், வீரன்னே நெனச்சுட்டேன். பாவம், அவனும் நம்மள மாதிரித்தான்" என்றார். எனக்கும் கதைப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, இரண்டு தடவை தீய விட்டேன்.

ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்ததும் உன்னால்தான். கதை நடுவே வரைந்திருக்கும் படங்களைப் பற்றி நீ ஒன்றும் சொல்வதில்லை. இவருக்கு ஒவ்வொரு படமும் ஞாபகம் இருந்தது, ஒன்றைத் தவிர. பரிதி படகின் முனையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படமாம். விளக்கு இடது கையிலா, வலது கையிலா என்று தெரியவில்லை. இரண்டு நாள் அதையே புலம்பினார். மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "சேலத்துக்குப் பொறப்படு. அந்தப் படத்த ஒருக்காப் பாத்தரோணும்" என்றார். நான் மாதக்கணக்கில் கெஞ்சினேன், கேட்கவில்லை. உன் ஓடக்காரனின் கைக்காகக் கிளம்பினார். இதையும் நேரில் வைத்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கட்டோடு அசையாமல் படுத்திருக்க வேண்டும், இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று சொன்னார்கள். அந்த வார்டில் எல்லாருக்கும் கட்டு. மாமா கேசட் போடச் சொன்னார். செங்கோள் அரசன் மறுபடி வந்துவிடப் போகிறானே என்று எனக்கு ஒரே பயம். நர்ஸம்மா சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொன்னாள். அதுவும் நடக்கவில்லை, கடைசிக் கட்டிலில் இருப்பவருக்கும் கேட்கவேண்டுமாம். பக்கத்துக் கட்டிலில் எருமப்பட்டியிலிருந்து வந்த சென்னிமலை என்ற விவசாயி, ஒவ்வொரு கேசட் முடிந்ததும், "அப்புறம் என்னாச்சுங்க?" என்று மாமாவைப் பிடித்துக்கொள்வார்.

அப்படித்தான் அந்த இடம் வந்தது. கொற்றனும் பரிதியும் சண்டை போட்டுப் பிரிகிற இடம். கொற்றன் அக்கரையில் இறங்கிப் போய்விடுகிறான். அடுத்த அத்தியாயத்தைப் படிப்பாய் என்று காத்திருந்தோம். டேப் வெறுமனே ஓடியது. பிறகு நீ பேசினாய். புத்தகத்தைப் பேசவில்லை, நீயே பேசினாய்.

"மாமா, இந்த வாரம் நம்மகிட்ட இல்லீங்க. உங்க கல்யாண வாரமுங்க. நீங்களே சொல்லுங்க. மீதி டேப்பக் காலியா உட்டிருக்கறனுங்க."

மூன்று தீபாவளி கழித்து நீ அவரிடம் பேசிய முதல் பேச்சு.

எங்கள் கல்யாண வேலையில் அந்த வாரப் பத்திரிகையை யாரும் வாங்கவில்லை. அப்புறம் தேடியும் கிடைக்கவில்லை. உன்னால்தான் ஓர் அத்தியாயம் போச்சு என்று இன்றைக்கும் என்னைச் சொல்லிக்காட்டுகிற மனிதர். அடுத்த வாரக் கதையில் இரண்டு பேரும் ஒரே படகில் இருக்கிறார்கள், விளக்கைக் காணோம். நடுவில் யார் யாரைத் தேடிப் போனது என்று நீ சின்னப் பையனாக இருந்தபோது மாமாவிடம் சண்டை பிடிப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? கொற்றன்தான் காலில் விழுந்து வந்திருப்பான் என்பார் அவர். பரிதி போய்க் கூப்பிட்டிருந்தால்தான் அவன் வந்திருப்பான் என்பாய் நீ. வீட்டை விட்டுப் போன அன்றும் வாசலில் நின்று, நீங்களே வந்து கூப்பிட்டால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனாய்?

மாமா என்னிடம், "அந்தச் செகப்புப் பொத்தான அமுத்து புள்ள" என்றார். அமுக்கினேன். அவர் சொன்னது அத்தனையும் அந்தக் கேசட்டில் இருக்கிறது. நான் எழுதினால் அவர் சொன்னதுபோல வராது. பரிதிதான் போனான் என்று சொன்னார். படகு அந்தக் கரைக்குப் போகாதாம், ஆற்றில் இறங்கி நீந்தித்தான் போகவேண்டுமாம். பாதி வழியில் விளக்கு தண்ணீரில் போய்விட்டதாம். "வெளக்குப் போனாப் போகுது" என்று இருட்டிலேயே போய்ச் சேர்ந்தானாம். சென்னிமலை பொறுக்கமாட்டாமல், "போயி என்ன சொன்னாருங்க?" என்று கேட்டார். மாமா டேப்ரிக்கார்டரைத் தடவி நெஞ்சோரம் இழுத்துக்கொண்டார். பிறகு, "ஒண்ணும் சொல்லலீங்க. 'சாப்டியாடா?'ன்னு கேட்டான். அவ்வளவுதானுங்க. ரெண்டு பேரும் படகேறிட்டாங்க" என்றார்.

கட்டுப் போட்ட கண்ணோடு அழக்கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். யார் கேட்டார்கள்?

இங்கே மற்றதெல்லாம் நலம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், காவிரி பாலத்துக்கடியில் நன்றாகப் போகிறது. தறிகள் ஓடுகின்றன. கனத்த கண்ணாடி வர இன்னும் சில வாரமாகும். அதுவரை தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனியக் கூடாது, பஸ்ஸில் குலுங்கக் கூடாது. இத்தனையும் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். நேற்றுக் காலை காப்பி குடித்துக்கொண்டே, ஏதோ யாருக்கோ கேட்பதுபோல என்னிடம் கேட்டார், ராய்ப்பூருக்கு ஈரோட்டிலேயே ரயில் ஏறலாமா, இல்லை மெட்ராஸ் போய்த்தான் ஏறவேண்டுமா என்று. எனக்குத் தெரியாது என்றேன். வெங்கடாசலத்துக்குத் தெரியும் என்று அவரே சொல்லிக்கொண்டார். இன்று காலையில் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறார்.

தம்பி, உன் சொல் உனக்குப் பெரிதுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. இப்போது கேசட்டைப் போட்டுக் கேள். கேட்டுவிட்டு, இந்தப் பாதிக் கண்ணோடு அவர் ரயிலேறுவதற்கு முன்னால் நீ கிளம்பி வந்துவிடு. பைண்டுகளை லாரியில் கொடுத்தனுப்பாதே, கையோடு எடுத்துக்கொண்டு வா. அந்தப் படத்தை அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும். வருகிற வழியில் கண்டதை வாங்கித் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளாதே. நீ வாசப்படி ஏறியதும் அவர் உன்னிடம் ஒன்றுதான் கேட்பார். இல்லை மாமா, இன்னும் இல்லை என்று நீ பதில் சொல்லவேண்டும்.

காவிரித் தாயும் பவானி சங்கமேசுவரரும் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உனக்கும் சேர்த்து அரிசி அளந்து வைத்திருக்கும்
அக்கா சௌந்திரம்