ஐந்து நட்சத்திரமும் அவருக்கே

வாண்டுவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் வாண்டுவின் இருமலும் தணிந்ததா?

“தங்கமான மனுஷருங்க” என்று அந்த டாக்சிக்காரரை நீ போனில் புகழ்ந்தது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. நானும் டாக்சிதான் ஓட்டுகிறேன். இங்கே வண்டி வாடகை அங்கே வாங்குவதைப்போல நாலு மடங்கு. கதவைத் திறந்துவிடுவோம், குடிக்கத் தண்ணீர் தருவோம். ஆனால் நாங்களாகப் பேச்சுக் கொடுக்கக் கூடாது, பெட்டியைத் தவிர எதையும் தொடக் கூடாது. உன் தங்கமான மனுஷரோ அதில் கால்வாசியை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் கதை பேசி, தூங்கிப்போன வாண்டுவைத் தோளில் போட்டு மாடிவரை தூக்கிவந்தாராம்.

நேற்று என் வண்டியிலும் ஒரு குழந்தை தூங்கிவிட்டது. இறங்கும்போது என்னையறியாமல் தூக்கக் கையை நீட்டிவிட்டேன். “விடுங்க, நானே பாத்துக்கறேன்” என்றார் அதன் அம்மா. பெரிதாக ஒன்றுமில்லை, ஆப்பில் எனக்கு இரண்டு நட்சத்திரம் குறைத்துவிட்டார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், வாண்டுவைத் தூக்கும்போது நான் தோளில் போடும் துண்டைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

சவாரி வந்துவிட்டது. அவருக்கு ஐந்து நட்சத்திரமே கொடு, எனக்கொன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் இனிமேல் வாண்டு வண்டியில் தூங்கினால், எழுப்பி நடக்க வை. அழுதால் அழட்டும்.

இப்படிக்கு,
வாண்டுவின் அப்பா