திருப்பி வைத்த பிலிம்

அன்பு மகள் ஐலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே டுலூத்தில் ஏப்ரல் பிறந்தும் பனி விடவில்லை, பக்கத்து வீட்டு ஹால்வர்சன் தன் பனியை நம் வாசலில்தான் தள்ளுகிறான், நானும் அவனோடு பேசுவதில்லை.

நீ கேட்டபடி தாத்தாவின் பழைய பிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தேன். தாத்தா சாகும்வரை தன் லாரியில் கண்ணெதிரே செருகி வைத்திருந்த படம் உனக்கு நினைவிருக்கும். உறைந்த குளத்தில் முகமெல்லாம் கம்பளி சுற்றிய பையன், ஹாக்கி மட்டை இடது பக்கம். இடது பக்கம் ஆடுகிறவன் உன் டேல் பெரியப்பா, நான் வலது. படத்துப் பையன் போட்டிருக்கும் ஊதா மேல்கோட்டும் முதலில் அவனுடையதுதான், அடுத்த வருஷம் எனக்கு வந்தது. இரண்டு பிள்ளை பெற்றவர் ஒருவனை மட்டும் லாரியில் வைத்திருந்தார் என்று நாற்பது வருஷம் வெந்தேன். அவரை அடக்கம் செய்த அன்று அந்தப் படத்தை டேலிடம் நீட்டி, "இந்தா, செல்லப்பிள்ளைக்கு ஞாபகமா இருக்கட்டும்" என்றேன். அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.

எனக்கு மனப்பாடமான அந்தப் படத்தோடு ஒத்துப்போகிற மாதிரிதான் பிலிமை வைத்தேன். அதே துண்டில் அடுத்த படம் தாத்தாவின் லாரி, கதவில் கோஸ்கெலா என்ற நம் பெயர் கண்ணாடியில் பார்த்தது போல வலமிடம் மாறி வந்தது. ஸ்கேனரைத் திட்டினேன். பிறகு பிலிமை ஜன்னலில் பிடித்தேன். பளபளப்பான பக்கம் நம்மைப் பார்த்து இருந்தால் ஓரத்தில் அச்சான எழுத்தும் எண்ணும் நேராக வாசிக்க வரும். மருந்து பூசிய பக்கம் கொஞ்சம் மங்கல், சாய்த்தால் உருவங்கள் லேசாக மேடாகத் தெரியும். நான் மங்கலான பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பினேன், லாரியின் பெயர் நேரானது, பையனின் மட்டை வலது பக்கம் போய்விட்டது. அன்று படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த கடைக்காரன் பிலிமைத் திருப்பி வைத்திருக்கிறான். அந்தப் பையன் நான். உன் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள், என் காதில் விழவே இல்லை.

டேலுக்குப் போன் செய்தேன். லாரியில் இருந்த படத்துப் பையன் யார் தெரியுமா என்றேன். "நீதான்டா, வேற யாரு? அந்த மேல்கோட்டு எங்கிட்ட இருந்த வருஷம் நான் குளத்துப் பக்கமே போகல, கால் உடைஞ்சு கட்டில்ல கெடந்தேனே. அப்பா லாரியில உன்னைத்தான் வச்சிருந்தார்னு எனக்குத்தான் எரிச்சல். அடக்கத்தன்னிக்கு நீ வேற அதை என் கையில திணிச்சு நக்கல் பண்ணினே" என்றான். "சனிக்கிழமை வா, மீன் பொரிக்கறேன், மூஞ்சிய மட்டும் அன்னிக்கு மாதிரி வச்சுக்காதே" என்று வைத்துவிட்டான்.

போகத்தான் போகிறேன். அவன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது ஐலா, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

கடவுள் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைக்கட்டும். வலிக்கிறது என்றாயே, அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

உன் அப்பா,
லைல் கோஸ்கெலா